கடலுக்கு மேலே இறங்க இடமில்லை

வாசகர் கேள்வி – பதில்

ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தவர்களைப் பற்றி இரண்டு இதழ்களுக்கு முன்பு பதில் எழுதுகையில், அதே கால்வாயை 2017 ஏப்ரலில் ஒரே காலையில் 82 வெப்பக்காற்றுப் பலூன்கள் கூட்டமாகக் கடந்தன என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். அச்சில் அது 28 ஆகிவிட்டது, பிழைக்கு வருந்துகிறேன். நீச்சல்காரர்களை விட்டுவிட்டு அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு காட்பாடி முதல் வாணியம்பாடி வரை பலரும் கேள்வி அனுப்பியிருப்பதால், இம்மாதம் இந்தப் பக்கம் முழுவதையும் அவர்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன். பள்ளியில் பல ஆண்டுகள் இயற்பியல் நடத்திய பழக்கத்தால் நடுவில் கொஞ்சம் கணக்கும் வரும், பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: பலூனில் முதன்முதலாகக் கடலைக் கடந்த ஆண்டு 1785 என்று ஒரு பொது அறிவுப் புத்தகத்திலும், 1963 என்று இன்னொன்றிலும் உள்ளது. தேர்வில் எதை எழுதுவது? – போட்டித் தேர்வு எழுதும் இளைஞர், காட்பாடி

பதில்: இரண்டும் சரியே. 1785இல் கடந்தது ஹைட்ரஜன் அடைத்த பலூன். 1963இல் கடந்தது வெறும் காற்றைச் சூடாக்கிப் பறந்த பலூன். கேள்வித்தாள் எதைக் கேட்கிறது என்று பார்த்து எழுதுங்கள்.

மனிதர் கட்டற்றுப் பறந்த முதல் பலூன் வெப்பக்காற்றுப் பலூன்தான். 1783 நவம்பர் 21 அன்று, மோன்கோல்ஃபியே சகோதரர்கள் உருவாக்கிய பலூனில் பிலாத்ர் த ரோசியே என்பவரும் தார்லாந்து பிரபுவும் ஏறிப் பாரிஸ் நகரின் மேல் ஏறக்குறைய 25 நிமிடம் பறந்தார்கள். அடியில் வைக்கோலை எரித்துக்கொண்டே போக வேண்டிய அமைப்பு அது. தீப்பொறி துணியில் பட்டால் ஒற்றி அணைப்பதற்கு ஈரப் பஞ்சும் தண்ணீரும் கையருகே வைத்திருந்தார்கள் என்றால் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம். இப்படிப்பட்ட பலூனில் கடலைக் கடப்பதற்கு எத்தனை கட்டு வைக்கோலை ஏற்றுவது? ஆகவே, பத்து நாள் கழித்து அதே பாரிஸில் பறந்து காட்டிய ஹைட்ரஜன் பலூனின் பக்கம் பலரும் சாய்ந்ததில் வியப்பில்லை. ஒரு கன மீட்டர் ஹைட்ரஜன் ஏறக்குறைய 1.1 கிலோ எடையைத் தூக்கும். அதே அளவு சூடான காற்று தூக்குவது கால் கிலோதான்.

1785 ஜனவரி 7 அன்று இங்கிலாந்தின் டோவரிலிருந்து கிளம்பியவர்கள் ழான் பியேர் பிளான்ஷார் என்ற பிரெஞ்சுக்காரரும், ஜான் ஜெஃப்ரீஸ் என்ற மருத்துவரும். ஜெஃப்ரீஸ் அமெரிக்காவின் பாஸ்டனில் பிறந்தவர். செலவை ஏற்றுக்கொண்டவரும் அவரே. புகழை முழுதாகத் தானே அடைய விரும்பிய பிளான்ஷார், இருவரின் எடையைப் பலூன் தாங்காது என்று காட்டுவதற்காக ஆடைக்குள் ஈயம் வைத்த இடைக்கச்சையைக் கட்டிக்கொண்டு வந்தார் என்று ஒரு கதை உண்டு. அது மெய்யோ பொய்யோ, பாதிக் கடல் தாண்டியதும் எடைதான் இருவருக்கும் எமனாக வந்தது. பலூன் தாழத் தொடங்கியது. மணல் மூட்டைகள் போயின. காற்றில் துடுப்புப் போடலாம் என்று நம்பி எடுத்து வந்த இறக்கைகளும் போயின. நங்கூரம், கயிறு, மேலங்கி என்று ஒவ்வொன்றாகக் கடலுக்குக் கொடுத்து, கடைசியில் கால்சட்டையையும் கழற்றி எறிந்தார்கள். பிரான்சின் கரையை நெருங்கும்போது பலூன் மீண்டும் எழும்பியது. இரண்டரை மணி நேரப் பயணத்தின் முடிவில், கீன் என்ற ஊருக்கு அருகிலிருந்த காட்டு மரங்களின் மேல், ஜனவரிக் குளிரில் அரை ஆடையோடு வந்து இறங்கினார்கள். அத்தனையையும் எறிந்தவர்கள் ஒரு கடிதத்தை மட்டும் எறியாமல் கொண்டு சேர்த்தார்கள். வான்வழியாகக் கடல் கடந்த முதல் கடிதமாக அது கருதப்படுகிறது.

இதற்கு ஐந்து மாதம் கழித்து, அதே கால்வாயை எதிர்த் திசையில் கடக்க ரோசியே கிளம்பினார். மேலே ஹைட்ரஜன், கீழே சூடான காற்று என்று இரண்டையும் ஒன்றாக இணைத்த பலூன் அது. தீயையும் ஹைட்ரஜனையும் அருகருகே வைப்பது என்னவாகும் என்பதை நம் பள்ளி மாணவர்களே சொல்லிவிடுவார்கள். 1785 ஜூன் 15 அன்று அவரும் உடன் சென்ற பியேர் ரோமேனும் கரையோரத்திலேயே விழுந்து இறந்தனர். வானூர்தி விபத்தில் உயிரிழந்த முதல் மனிதர்கள் என்று வரலாறு அவர்களைக் குறிக்கிறது. ரோசியேயின் பெயர் பின்னால் மீண்டும் வரும்.

அதன்பின் வெப்பக்காற்றுப் பலூன் ஒன்று இந்தக் கடலைக் கடக்க 178 ஆண்டுகள் ஆயின. 1960இல் அமெரிக்காவின் எட் யோஸ்ட், நைலான் துணியையும் புரொப்பேன் வாயுவில் எரியும் பர்னரையும் கொண்டு இன்றைய பலூனைப் பறக்கவிட்டார். அவரும் டான் பிக்கார்டும் 1963 ஏப்ரல் 13 அன்று இங்கிலாந்திலிருந்து பிரான்சுக்குக் கடந்தார்கள்.

கேள்வி: சமையல் கேஸில் பலூன் பறக்குமா? கடலைக் கடக்க எத்தனை சிலிண்டர் ஆகும்? – இல்லத்தரசி, வாலாஜாப்பேட்டை

பதில்: வாயு ஏறக்குறைய ஒரே இனம்தான், நம் வீட்டு சிலிண்டரில் புரொப்பேனும் பியூட்டேனும் கலந்திருக்கின்றன, பலூன்காரர்கள் பெரும்பாலும் புரொப்பேனையே விரும்புகிறார்கள். எடுக்கும் முறைதான் வேறு. வீட்டு சிலிண்டரின் மேற்புறத்தில் ஆவியாகித் தேங்கிய வாயு மட்டும் ரெகுலேட்டர் வழியே அடுப்புக்கு வருகிறது. பலூன் சிலிண்டரிலோ அடிவரை ஒரு குழாய் இறங்கி, திரவத்தையே மேலே அனுப்புகிறது; பர்னரின் தீயைச் சுற்றியுள்ள சுருள் குழாயில் அது கொதித்து ஆவியாகிப் பல மீட்டர் உயரத்துக்குப் பிழம்பாக எழுகிறது. கல்யாண சமையலில் பெரிய அடுப்பை வேகமாக எரித்தால் சிலிண்டரின் வெளிப்புறம் வியர்த்துக் குளிர்ந்துபோவதைப் பார்த்திருப்பீர்கள். ஆவியாக மட்டும் எடுத்தால் பலூனின் பசிக்கு ஈடுகொடுக்க முடியாது என்பதற்கு அதுவே சாட்சி.

நான்கு பேர் ஏறும் பலூன் மணிக்கு ஏறக்குறைய 40 கிலோ எரிக்கும். ஆங்கிலக் கால்வாயைக் கடக்க இரண்டு முதல் மூன்று மணி நேரம் என்று கொண்டால், 14.2 கிலோ கொண்ட வீட்டு சிலிண்டர் கணக்கில் ஆறு முதல் ஒன்பது ஆகிறது. உங்கள் வீட்டில் ஓராண்டுக்கு அடுப்பெரியும் வாயு, அங்கே காலைச் சிற்றுண்டிக்கு முன்பே தீர்ந்துவிடும்.

கேள்வி: வேலூர்க் கோட்டை மைதானத்திலிருந்து பலூனில் கிளம்பிக் கடல்வரை போக முடியுமா? – ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், சத்துவாச்சாரி

பதில்: ஐயா, தங்கள் கேள்வியைப் படித்ததும் சிரிப்புத்தான் வந்தது, ஆனால் தாளை எடுத்துக் கணக்குப் போட்ட பிறகு, கடல் கடக்கும் பலூன்காரரின் கவலைகளில் பெரும்பாலானவற்றை நம் ஊரிலேயே விளக்கிவிடலாம் என்று தோன்றியது.

பலூனைத் தூக்குவது தீ அன்று. உள்ளே இருக்கும் காற்றுக்கும் வெளியே இருக்கும் காற்றுக்கும் உள்ள எடை வித்தியாசம். பலூனின் உள்ளே காற்றை ஏறக்குறைய 100 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்கினால் ஒரு கன மீட்டர் 0.95 கிலோ இருக்கும். அதற்கு மேல் அதிகம் சூடாக்கினால் நைலான் துணியின் ஆயுள் குறையும். ஆகவே உட்புறம் ஏறக்குறைய நிலையானது. வெளிப்புறம்தான் ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறுகிறது. 2,800 கன மீட்டர் கொள்ளளவுள்ள சாதாரணப் பலூனை எடுத்துக்கொள்வோம். வெளியே 5 டிகிரி குளிர் நிலவும் டோவர் கரையில் அது ஏறக்குறைய 900 கிலோவைத் தூக்கும். மார்கழி விடியலில் 20 டிகிரி இருக்கும் வேலூரில் 720 கிலோ. சித்திரை வெயிலில் 40 டிகிரி அடிக்கும் அதே வேலூரில் வெறும் 500 கிலோ. துணி, பிரம்புக் கூடை, பர்னர், நிரம்பிய நான்கு சிலிண்டர் ஆகியவை மட்டுமே 350 கிலோவுக்குக் குறையாது. அக்கினி நட்சத்திரத்தில் ஓட்டுநரும், உடல் மெலிந்த ஒருவரும் போகலாம். கடலுக்கு வேண்டிய கூடுதல் எரிபொருள், மிதவைப் படகு ஆகியவற்றுக்கு இடமே இல்லை. கால்வாயைக் கடப்பவர்கள் குளிர் நீங்காத காலை நேரத்தைத் தேர்வதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

வெயில் ஏறிய பிறகு இன்னொரு தொல்லை. நம் ஊரைச் சுற்றியுள்ள மொட்டைப் பாறை மலைகள் சூடேறியதும் அவற்றின் மேல் வெப்பக்காற்று தூண் தூணாக எழும். பருந்துகள் இறக்கை அசைக்காமல் வட்டமிட்டு ஏறுவது அதில்தான். பருந்துக்கு வரமாக இருப்பது பலூனுக்குச் சாபம். ஆகவே சூரியன் உதித்த இரண்டு மணி நேரத்துக்குள், அல்லது மறையும் முன் கடைசி இரண்டு மணி நேரத்தில் மட்டுமே பறப்பது வழக்கம். இந்த ஒன்றில் கடல் நல்லது: நீர் அவ்வளவு விரைவாகச் சூடேறாது என்பதால், கடலின் மேல் காற்று நிலத்தைவிடச் சீராக இருக்கும்.

இனித் தூரம். வேலூரிலிருந்து கிழக்கே கடற்கரை ஏறக்குறைய 130 கிலோமீட்டர். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் மேற்குக் காற்று விடாமல் அடித்தாலும் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் எரிபொருளும் தீர்ந்திருக்கும், வெயிலும் ஏறியிருக்கும். வழியில் அரக்கோணத்தில் கடற்படை விமானதளமும் சென்னையில் விமான நிலையமும் இருக்கின்றன என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஆனால் இத்தனை இடையூறு இருந்தும், நிலத்தின் மேல் பறப்பவருக்கு ஓர் உரிமை உண்டு: வேண்டாம் என்று தோன்றினால் இறங்கிவிடலாம். பாலாற்று மணலில் இறங்கலாம். பெரும்பாலான மாதங்களில் நனையாமலே இறங்கலாம். பலூனுக்குத் திசைமாற்றி இல்லை, பின்னோக்கிப் போகும் வழி இல்லை. ஓட்டுநரின் கையில் மெய்யாக இருப்பது ஏறுவதும் இறங்குவதும் மட்டுமே. அவற்றில் ஒன்றைக் கடல் பறித்துக்கொள்கிறது. கால்வாய் 33 கிலோமீட்டர்தானே என்று எண்ணுகிறவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். அதனால் கடல் பயணத்தின் பெரும்பகுதி வேலை கரையிலேயே, கூடையில் ஏறுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. சரியான காற்றுக்காக நாள் கணக்கில் காத்திருந்து, கிடைக்காவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வீடு திரும்புவதும் அந்த வேலையில் அடங்கும்.

கேள்வி: திசைமாற்றி இல்லாவிட்டால் பலூன் எப்படிச் சரியான ஊருக்குப் போகிறது? – பதினொன்றாம் வகுப்பு மாணவி, ஆரணி

பதில்: பெரும்பாலும் போவதில்லை என்பதே உண்மை, மகளே, போன இடத்தைச் சரியான ஊர் என்று வைத்துக்கொள்கிறார்கள். இருந்தாலும் ஓர் உபாயம் உண்டு. வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல் என்று காற்றுக்குத் திசைவாரியாக நம் முன்னோர் பெயர் வைத்தார்கள். ஒரே நேரத்தில், ஒரே ஊரின் மேல், உயரத்துக்கு ஒரு காற்று அடிக்கக்கூடும். தரையருகே வாடை வீசும்போது ஐந்நூறு மீட்டர் மேலே கொண்டல் வீசலாம். எந்த உயரத்தில் எந்தக் காற்று என்று தெரிந்துகொண்டு, பர்னரைத் திறந்து ஏறியும், உச்சியிலுள்ள வால்வைத் திறந்து தாழ்ந்தும் வேண்டிய காற்றில் போய் நிற்பதே ஓட்டுநரின் திறமை. கிளம்புவதற்கு முன் ஒரு சிறிய ஹீலியம் பலூனை விட்டு, அது எந்தெந்த உயரத்தில் எப்பக்கம் திரும்புகிறது என்று பார்ப்பார்கள். பலூன் காற்றோடு காற்றாகவே போவதால் கூடையில் நிற்பவருக்குக் காற்று வீசுவதே தெரியாது என்பதையும் உன் தோழிகளிடம் சொல், நம்ப மாட்டார்கள்.

காற்றை மீறித் திசை திருப்ப முயன்றவரும் உண்டு. சுவீடன் நாட்டு ஆந்த்ரே 1897 ஜூலை 11 அன்று இரண்டு துணைவர்களோடு ஹைட்ரஜன் பலூனில் வட துருவத்தை நோக்கிக் கிளம்பினார். நீண்ட கயிறுகளைக் கீழே இழுத்துச் சென்றால் பலூன் காற்றைவிட மெதுவாகப் போகும், அப்போது பாய் கட்டித் திசை மாற்றலாம் என்பது அவருடைய கணக்கு. கிளம்பிய சில நிமிடங்களிலேயே கயிறுகளின் பெரும்பகுதி கழன்று கடலில் விழுந்துவிட்டது. மூன்றாம் நாள் பனிப்பாளத்தின் மேல் இறங்க நேர்ந்தது, மூவரும் திரும்பவில்லை. அவர்களுடைய உடல்களும், புகைப்படச் சுருள்களும் 1930இல்தான் ஒரு தீவில் கண்டெடுக்கப்பட்டன.

கேள்வி: தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் கூப்பிடு தூரம்தானே? அங்கே ஏன் யாரும் பலூனில் கடப்பதில்லை? – நெசவாளர், குடியாத்தம்

பதில்: தூரத்தைப் பார்த்தால் உங்கள் கேள்வி மிகவும் நியாயமானது, ஏறக்குறைய 30 கிலோமீட்டர், ஆங்கிலக் கால்வாயின் மிகக் குறுகிய இடத்தைவிடச் சற்றுக் குறைவு. 1966இல் மிகிர் சென்னும், 1994இல் சிறுவன் குற்றாலீசுவரனும் நீந்தியே கடந்த கடல் இது. ஆனால் நீந்துகிறவர் கரையைப் பார்த்துக் கையைத் திருப்பலாம். பலூனுக்குக் காற்றின் வழிதான் வழி.

தலைமன்னார் தனுஷ்கோடிக்கு ஏறக்குறைய நேர் கிழக்கே இருக்கிறது. ஆகவே மிதமான மேற்குக் காற்று வேண்டும். மேற்கும் தென்மேற்கும் காற்று வலுக்கும் மாதங்களில் அது மிதமாக இருப்பதில்லை. அம்மியையே பறக்கவிடும் ஆடிக்காற்றில், மணல்திட்டில் பலூனை விரித்து நிமிர்த்துவதே இயலாது. வாடைக்காலத்தில் வடகிழக்குக் காற்று, கிளம்பியவரை மன்னார் வளைகுடாவுக்குள் தள்ளிவிடும். அந்தப் பக்கத்திலிருந்து கிளம்பலாமே என்றால் குறி மிகச் சிறியது: பிரான்சின் கரை நீண்டு விரிந்து கிடப்பதால் காற்று கொஞ்சம் பிசகினாலும் ஏதோ ஒரு வயலில் இறங்கலாம், தனுஷ்கோடியோ 1964 புயலுக்குப் பின் எஞ்சிய மெல்லிய மணல்முனை, அதைத் தவறவிட்டால் மறுபடியும் கடல். இவற்றோடு, நடுவே இரு நாட்டுக் கடல் எல்லை இருக்கிறது. ஆகவே காற்றின் சம்மதத்தோடு இரண்டு அரசுகளின் சம்மதமும் ஒரே காலையில் சேர்ந்து வர வேண்டும். நடக்கவே நடக்காது என்று சொல்ல மாட்டேன். பங்குனி, சித்திரையில் காற்று ஓய்ந்து திரும்பும் இடைவெளிகளை அப்பகுதி மீனவர்களிடம் கேட்டறிந்து, ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் பொறுமை உள்ள ஒருவர் செய்யக்கூடும்.

கேள்வி: கடலில் விழுந்துவிட்டால் உயிர் பிழைக்க முடியுமா? – தோல் தொழிற்சாலை மேற்பார்வையாளர், ஆம்பூர்

பதில்: பிழைத்தவர்கள் பலர். கால்வாயை வென்ற எட் யோஸ்டே 1976இல் ஹீலியம் பலூனில் தனியாக அட்லாண்டிக்கைக் கடக்க முயன்று, நான்கு நாட்களுக்கு மேல் பறந்தும் கரை சேராமல் கடலில் இறங்க, ஒரு கப்பல் அவரை மீட்டது.

வெப்பக்காற்றுப் பலூனில் அட்லாண்டிக்கை முதலில் கடந்தவர்கள் ரிச்சர்ட் பிரான்சனும் பேர் லிண்ட்ஸ்ட்ராண்டும். 1987 ஜூலை 2 அன்று அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்திலிருந்து கிளம்பிய அவர்களுடைய பலூன் 65,000 கன மீட்டர் கொண்டது. நாம் வேலூரில் கணக்குப் போட்டது போல 23 பலூன்கள் சேர்ந்த அளவு. மிக உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பாயும் ஜெட் காற்றோட்டத்தைப் பிடித்ததால், மறுநாளே அயர்லாந்துத் தீவை எட்டிவிட்டார்கள். கடந்தது எளிதாக இருந்தது, நிறுத்துவதுதான் முடியவில்லை. வட அயர்லாந்தில் தரையில் மோதி, எரிபொருள் தொட்டிகளை இழந்து, எடை குறைந்ததால் மீண்டும் எழும்பிய பலூன் அவர்களைக் கடலுக்கே கொண்டுபோனது. நீரில் பட்ட கூண்டைப் பலூன் பாய்மரம் போல இழுத்துக்கொண்டு ஓட, லிண்ட்ஸ்ட்ராண்ட் குதித்துவிட்டார். ஓர் ஆள் எடை குறைந்ததும் பலூன், பறக்கப் பெரிதும் தெரியாத பிரான்சனைத் தனியாகத் தூக்கிக்கொண்டு மேலே போனது! பின்னர் அவர் அதைத் தாழ்த்திக் கடலில் குதித்தார்; இருவரும் மீட்கப்பட்டனர். 1991இல் அதே இருவர் ஜப்பானிலிருந்து பசிபிக்கைக் கடந்தபோது, எண்ணிய இடத்துக்கு வெகு வடக்கே, கனடாவில் உறைந்த ஏரி ஒன்றின் மேல் இறங்கினார்கள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். உயிர்காப்பு உடை, கூடவே வரும் விரைவுப் படகு, தண்ணீரில் பட்ட உடன் பலூனின் காற்றை வெளியேற்றும் வேகம் ஆகிய மூன்றும் இருந்தால் பிழைக்கலாம். விழுந்த பின் ஆளைக் கொல்ல வருவது பெரும்பாலும் குளிர்ந்த நீரும், இழுத்துக்கொண்டு ஓடும் துணியுமே.

கேள்வி: இந்தியர் யாரும் இத்துறையில் சாதிக்கவில்லையா? – நூலகர், வாணியம்பாடி

பதில்: கடலில் அல்ல, உயரத்தில். விஜய்பத் சிங்கானியா 2005 நவம்பர் 26 அன்று மும்பையிலிருந்து வெப்பக்காற்றுப் பலூனில் கிளம்பி 21,027 மீட்டர் உயரத்தை எட்டி உலக சாதனை செய்தார். அப்போது அவருக்கு 67 வயது. இன்னொரு தொடர்பும் உண்டு. 1999 மார்ச்சில் முதன்முறையாக நிற்காமல் உலகைச் சுற்றிய பெர்ட்ராண்ட் பிக்கார்ட், பிரையன் ஜோன்ஸ் ஆகியோரின் பலூன் இந்தியாவின் மேலாகவும் சென்றது. ஹீலியமும் சூடான காற்றும் இணைந்த அந்த வகைப் பலூனுக்கு ரோசியே என்றுதான் பெயர். 1785இல் கரையோரத்தில் விழுந்து இறந்தவரின் யோசனை சரியானதே. எரியாத வாயு ஒன்று கிடைக்கத்தான் காத்திருக்க வேண்டியிருந்தது.

கேள்வி: எனக்கு 71 வயது. கடல் வேண்டாம், ஒருமுறை பலூனில் ஏறிப் பார்க்க முடியுமா? – விவசாயி, அணைக்கட்டு

பதில்: தை மாதத்தில் பொள்ளாச்சியில் நடக்கும் பலூன் திருவிழாவுக்குப் போய் வாருங்கள். அங்கிருந்து கிளம்பிய பலூன் காற்றின் போக்கில் எல்லை தாண்டிப் பாலக்காட்டு வயலில் இறங்கியதும் உண்டு. உங்களுக்குக் கயிறு கட்டி ஏற்றி இறக்கும் பலூன் போதும். முழங்கால் வலி இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இறங்கும்போது முழங்காலை மடக்கிக் குந்த வேண்டியிருக்கும். பர்னரின் சூடு உச்சந்தலையில் இறங்கும் என்பதால் தொப்பி அணிந்துகொள்ளுங்கள். கூடைக்குப் பொதுவாகக் கதவு கிடையாது. பிரம்பில் விட்டிருக்கும் துளைகளில் காலை வைத்துத்தான் ஏற வேண்டும். ஆகவே அன்று ஒரு நாள் மட்டும் வேட்டிக்கு விடுமுறை கொடுத்துவிடுங்கள்.